காஸ்ட்கோவில் காது மெஷின் வாங்கலாமா? வாங்கிய பிறகு யார் பார்ப்பார்கள்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கும் அம்மா, வயது 74, கிரீன் கார்டு. இரண்டு காதும் மந்தம். டிவி சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது, ஆனால் பேரன் பேசுவது புரியவில்லை என்கிறார். ஒரு தனியார் கிளினிக்கில் சோதித்துவிட்டு ஜோடி 5,600 டாலர் என்றார்கள். சந்தா கட்டிச் சேர்ந்து சாமான் வாங்கும் காஸ்ட்கோ கடையில் 1,600 டாலர். "இவ்வளவு வித்தியாசம் ஏன்? சரக்கு மட்டமா? வாங்கின பிறகு ரிப்பேர், சர்வீஸ் எல்லாம் மளிகைக் கடையில் போய் யாரிடம் கேட்பது?" என்று மகன் கேட்டிருக்கிறார்.

நான் ஆடியாலஜி (காது கேட்கும் திறனைச் சோதித்துச் சரிசெய்யும் துறை) படித்து அமெரிக்காவில் தனியார் கிளினிக்குகளில் வேலை பார்த்தவன். காஸ்ட்கோவில் வேலை பார்த்ததில்லை. அதனால் அவர்கள் பக்கம் பேச எனக்கு எந்தக் காரணமும் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்: வயதாவதால் வரும் சாதாரண காது மந்தம் என்றால், தாராளமாக வாங்கலாம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காது மெஷின் விஷயத்தில் பாதிக் காசு கருவிக்கு, மீதி அதை அம்மாவின் காதுக்குத் தகுந்தபடி அமைத்து, அவர் குறை சொல்லச் சொல்லத் திருத்திக் கொடுக்கும் ஆளுக்கு. காஸ்ட்கோவில் அந்த இரண்டாவது பாதி விலையிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் அதை நீங்கள் போய்க் கேட்டு வாங்கவேண்டும். கேட்காதவர்களின் கருவிகள்தான் மேஜை டிராயரில் தூங்குகின்றன.

முதலில் விலை. உலகத்தில் காது மெஷின் செய்யும் பெரிய கம்பெனிகள் ஐந்துதான்: சோனோவா, டெமன்ட், டபிள்யூ.எஸ். ஆடியாலஜி, ஜி.என்., ஸ்டார்க்கி. மற்ற பெயர்களில் பெரும்பாலானவை இவர்களின் பிள்ளைகளே. காஸ்ட்கோ விற்கும் ஃபிலிப்ஸ் ஹியர்லிங்க், ஓட்டிகான் என்ற கிளினிக் பிராண்டைச் செய்யும் அதே டெமன்ட்டின் சரக்கு. ஜாப்ரா என்ஹான்ஸ் ப்ரோ, ரீசவுண்ட் பிராண்டைச் செய்யும் ஜி.என்.னுடையது. ரெக்ஸ்டன், சிக்னியா பிராண்டைச் செய்யும் டபிள்யூ.எஸ். ஆடியாலஜியினுடையது. முன்பு கர்க்லண்ட் சிக்னேச்சர் என்று கடையின் சொந்தப் பெயரிலேயே விற்றார்கள். 2021-ல் வந்த கர்க்லண்ட் 10 சோனோவா செய்தது, ஃபோனாக் என்ற அவர்களது கிளினிக் பிராண்டின் அன்றைய உயர்ந்த மாடலுக்கு நெருங்கிய சொந்தம், ஜோடி 1,400 டாலர். அதை 2022 முடிவில் நிறுத்திவிட்டார்கள். இப்போது பிராண்ட் பெயர்கள் மட்டும்தான், ஜோடி 1,500, 1,600 டாலரை ஒட்டி இருக்கும். ஆக, சரக்கு மட்டம் இல்லை. கிளினிக்கில் விற்கும் புத்தம்புது மாடலிலிருந்து ஒரு தலைமுறை பிந்தியிருக்கலாம், ஓரிரு வசதிகள் குறைந்திருக்கலாம். 74 வயது அம்மா அந்த வித்தியாசத்தைக் காதால் கண்டுபிடிப்பது கடினம்.

அப்படியென்றால் கிளினிக்காரர் கொள்ளையடிக்கிறாரா? அதுவும் இல்லை. அமெரிக்காவில் நெடுங்காலமாகவே கருவி, சோதனை, பொருத்துதல், மூன்று நான்கு வருட சர்வீஸ் எல்லாவற்றையும் ஒரே விலையில் கட்டி விற்பதுதான் பழக்கம். 2015-ல் அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு இதைப்பற்றி அறிக்கை கொடுத்தபோதே ஒரு காதுக் கருவியின் சராசரி விலை 2,300 டாலருக்கு மேல் இருந்தது. ஜோடிக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாதத்துக்குச் சில ஜோடிகள் விற்கும் சின்னக் கிளினிக், வாடகை, சம்பளம், கருவி வாங்கிய விலை எல்லாவற்றையும் அந்தச் சில ஜோடிகளிலேயே எடுக்கவேண்டும். காஸ்ட்கோ நாடு முழுக்க மொத்தமாக வாங்குகிறது, எந்தச் சரக்கிலும் பொதுவாக 14, 15 சதவீதத்துக்கு மேல் லாபம் வைப்பதில்லை, சந்தா காசில்தான் பிழைக்கிறது. அங்கே இருப்பவருக்கு கமிஷனும் இல்லை. விலை உயர்ந்த மாடலை உங்கள் தலையில் கட்டுவதால் அவருக்கு ஒரு காசுகூடக் கூடுதலாக வராது. இது சின்ன விஷயம் இல்லை.

கடைக்குப் போகும் முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு, அதைப் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள். அம்மாவின் காதை முதலில் ஒரு டாக்டர் பார்க்கட்டும். 2022 அக்டோபரிலிருந்து பெரியவர்கள் காது மெஷின் வாங்க டாக்டர் சீட்டு வேண்டும் என்ற மத்திய அரசு விதி இல்லை. விதி இல்லை என்பதற்காகக் காரணமும் இல்லாமல் போய்விடாது. ஒரு காது மட்டும் அதிகமாகக் கேட்காமல் இருப்பது, ஒரே காதில் இரைச்சல், தலைசுற்றல், சீழ், வலி, இவற்றில் எது இருந்தாலும் இ.என்.டி. டாக்டர் பார்த்த பிறகுதான் மெஷின். நேற்றுவரை கேட்ட காது இன்று காலை திடீரென்று அடைத்துப்போனால் அது அவசரம். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே டாக்டரிடம் ஓடவேண்டும். சீக்கிரம் ஸ்டீராய்டு கொடுத்தால் திரும்பக் கேட்க வாய்ப்பு உண்டு. "சளியாக இருக்கும், போய்விடும்" என்று காத்திருந்து அந்த வாய்ப்பைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணம் அழுக்கு. காஸ்ட்கோவில் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்ப்பார்கள், அழுக்கு எடுத்துவிட மாட்டார்கள். அடைத்திருந்தால் சோதனையே செய்யாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பல ஊர்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே சில வாரம் ஆகிறது. காத்திருந்து போய் அழுக்கைக் காட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். குடும்ப டாக்டரிடமே சுத்தம் செய்துகொண்டு போகலாம். பட்ஸ் போட்டு நீங்களே தள்ளவேண்டாம், அது இன்னும் உள்ளேதான் போகும்.

சோதனைக்குக் காசு இல்லை. ஒலி புகாத சின்ன அறையில் உட்காரவைத்து, 250 ஹெர்ட்ஸ் முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை மெல்லிய ஒலிகளைக் கொடுத்து, எது கேட்கிறது என்று குறிப்பார்கள். அந்த வரைபடம்தான் ஆடியோகிராம். காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு கருவியை வைத்தும் சோதிப்பார்கள். காற்று வழியும் எலும்பு வழியும் வெவ்வேறாக வந்தால் பிரச்சினை நடுக்காதில் இருக்கலாம், அதற்கு டாக்டர். எப்படி இருந்தாலும் ஆடியோகிராமின் ஒரு நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாங்காவிட்டாலும் அது உதவும்.

உங்கள் அம்மா விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒலிச் சோதனைக்குப் பிறகு சொல் சோதனை வரும். ஹெட்ஃபோனில் ஓரசை ஆங்கிலச் சொற்களாக வரும், கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். தமிழில் வாழ்ந்த அம்மாவுக்கு இதில் பாதி மதிப்பெண் வந்தால், காது பாதி, ஆங்கிலம் பாதி. எவ்வளவு எதனால் என்று பிரிக்க முடியாது. அதைச் சோதிப்பவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். "சொற்களை மூளை வாங்கிக்கொள்ளவில்லை, மெஷின் போட்டாலும் பெரிதாகப் பயன் இருக்காது" என்று அந்த எண்ணை வைத்து யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். அம்மாவின் பின்னால் ஆறடி தள்ளி நின்று, வாய் தெரியாமல், வழக்கமான குரலில் கதை, கடை, பத்து, பட்டு, தட்டு, சட்டு என்று கலந்து சொல்லிப் பாருங்கள். வயதால் வரும் மந்தம் உச்ச ஒலிகளில்தான் முதலில் விழும். உயிரொலிகள் தாழ்ந்த அலைவரிசையில் பலமாக இருப்பதால் அவை கேட்டுவிடும். மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கங்கள்தான் உச்சத்தில் போய்விடும். "கேட்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியலை" என்று எல்லா அம்மாக்களும் சொல்வது இதைத்தான். சத்தம் கூட்டினால் தீராது. மெஷின் போடும் முன்பும், ஒரு மாதம் போட்ட பிறகும் இதே பட்டியலைச் சொல்லிப் பார்த்தால் எந்தச் சொற்கள் திரும்பி வந்தன என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது பொருத்தும் நாள். அன்று ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். நூலைப்போல மெல்லிய ஒரு சிலிகான் குழாயைக் காதுக்குள், செவிப்பறைக்குச் சில மில்லிமீட்டர் முன்பு வரை விடுவார்கள். அதன் மேல் மெஷினை மாட்டுவார்கள். எதிரே உள்ள ஸ்பீக்கரிலிருந்து ஒரு பேச்சுக் குரல் வரும், உற்றுக் கேட்டாலும் எந்த மொழி என்று புரியாது. அரபு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், மாண்டரின், ஸ்பானிஷ் பேசும் பெண்களின் குரல்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய ஒலி அது. திரையில் இலக்கு என்று ஒரு கோடும், அம்மாவின் காதுக்குள் உண்மையில் வந்து சேரும் ஒலி என்று இன்னொரு கோடும் தெரியும். இரண்டும் நெருங்கும்வரை திருத்துவார்கள். இதற்கு ரியல் இயர் மெஷர்மென்ட் என்று பெயர். ஒவ்வொரு காதுத் துளையின் அளவும் வேறு என்பதால் கம்பெனி கணக்குப்படி விட்டுவிட்டால் ஒருவருக்குக் கூடிவிடும், ஒருவருக்குக் குறைந்துவிடும். நிறையக் காசு வாங்கும் தனியார் கிளினிக்குகளிலும் எல்லோரும் இதைச் செய்வதில்லை, என் தொழிலுக்கு இது பெருமையான விஷயம் அல்ல. காஸ்ட்கோவில் இது வழக்கமான படி. ஆனால் கடைக்குக் கடை, ஆளுக்கு ஆள் மாறும். குழாய் விடாமலேயே "முடிந்தது" என்றால், செய்யச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் வேறு கிளைக்குப் போகலாம்.

அங்கே இருப்பவர் பெரும்பாலும் ஆடியாலஜிஸ்ட்டாக இருக்கமாட்டார். மாநில லைசென்ஸ் பெற்ற ஹியரிங் எயிட் ஸ்பெஷலிஸ்ட்டாக இருப்பார். சில கிளைகளில் ஆடியாலஜிஸ்ட்டும் உண்டு. பட்டத்தைப் பார்த்துப் பயப்படவேண்டாம். நாள் முழுக்க இதே வேலையைச் செய்பவர்களின் கை நன்றாகப் பழகியிருக்கும். பொறுமையாகக் கேட்கிறாரா, அம்மாவிடம் பேசுகிறாரா, இல்லை அம்மாவை விட்டுவிட்டு உங்களிடம் மட்டும் பேசுகிறாரா என்று பாருங்கள். அதுதான் நல்ல அடையாளம்.

முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் அம்மா கழற்றி வைத்துவிடுவார், தயாராக இருங்கள். குக்கர் விசில் காதைக் கிழிக்கும். எவர்சில்வர் தட்டுகளை அடுக்கும் சத்தம், பிளாஸ்டிக் பையின் சரசரப்பு, ஃபிரிட்ஜின் முனகல், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதும். தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். பல வருடமாக இவற்றைக் கேட்காத மூளைக்கு எது வேண்டியது, எது வேண்டாதது என்று ஒதுக்கப் பழகக் கொஞ்ச காலம் தேவை. அதனால்தான் முதலில் இலக்கைவிடக் குறைவாக வைத்து, வாரங்கள் போகப்போகக் கூட்டுவார்கள். முதல் சில நாள் அமைதியான அறையில், ஒருவரோடு பேசும்போது போடட்டும். அப்புறம் சமையலறை, அப்புறம் டிவி, கடைசியில் கல்யாண ஹாலும் கோயிலும்.

இந்த இடத்தில்தான் 180 நாள் வருகிறது. காஸ்ட்கோவில் காது மெஷினை 180 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் வரும். மற்ற இடங்களில் பொதுவாக 30 முதல் 60 நாள்தான். இந்த ஆறு மாதத்தை வெறும் காப்பாக நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். பொருத்திய சில வாரங்களுக்குள் முதல் திருத்தத்துக்கு நாள் வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள், ஏனென்றால் நாள் கிடைப்பதுதான் அங்கே கஷ்டம். திருத்தங்களுக்குக் காசு கிடையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். போகும்போது "சரியாக் கேக்கலை" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கே, யார் பேசும்போது, என்ன ஆகிறது என்று சொல்லவேண்டும். மருமகள் குரல் தெளிவு, பேரன் குரல் மட்டும் புரியவில்லை. ஃபோனைக் காதில் வைத்தால் கீச்சென்கிறது. சாப்பிடும்போது மெல்லும் சத்தம் பலமாக இருக்கிறது. இடது காதில் காலையில் சரி, மாலையில் சத்தம் குறைகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து உண்டு. கீச் சத்தம் என்றால் முனையில் இருக்கும் ரப்பர் டோமின் அளவை மாற்றுவார், இல்லாவிட்டால் காதின் அச்செடுத்து மோல்டு செய்வார். குடத்துக்குள் பேசுவதுபோல் இருந்தால் ஓட்டையுள்ள டோம் போடுவார். வீட்டில் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப்போங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தடுமாறும் என்றால் நீங்களும் கூடப் போங்கள், ஆனால் அவர் சொல்வதை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். நம் வீடுகளில் பிள்ளைகள் பாதியிலேயே "அம்மாவுக்கு எல்லாம் ஓகே" என்று முடித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. மெஷின் தன்னை எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்று கணக்கு வைத்திருக்கும். கணினியோடு இணைத்ததும் ஒரு நாளைக்குச் சராசரி இத்தனை மணி என்று திரையில் வந்துவிடும். "தினமும் போடறேன்பா" என்று அம்மா சொல்லும்போது திரையில் ஒன்றரை மணி என்று காட்டினால் சண்டைக்குப் போகாதீர்கள். ஏன் கழற்றுகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் காதுக்குள் உறுத்துவதோ, ஏதோ ஒரு சத்தம் எரிச்சலூட்டுவதோதான் காரணம், இரண்டையும் சரிசெய்யலாம்.

அம்மா கர்நாடக சங்கீதம் கேட்பவர் என்றால் இதையும் சொல்லிவிடுங்கள். மெஷின்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. கீச் சத்தத்தை அடக்க உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறது. நீண்டு ஒலிக்கும் சுத்தமான ஸ்வரத்தை அது கீச் என்று நினைத்துக்கொண்டு அடக்கப் பார்க்கும். புல்லாங்குழலிலும் வயலினிலும் நீட்டிப் பிடிக்கும் இடங்களில் சுருதி நடுங்குவதுபோல் கேட்பது அதனால்தான். "பாட்டெல்லாம் அபஸ்வரமா இருக்கு" என்று வெறுத்துப்போய் மெஷினைக் கழற்றிய ரசிகர்கள் உண்டு. மியூசிக் புரோகிராம் ஒன்றைத் தனியாகச் சேர்த்து, அதில் இந்த அடக்கலையும் இரைச்சல் குறைப்பையும் தணித்து வைக்கச் சொன்னால் நிறைய மாறும். கச்சேரிக்கும் டிவியில் பாட்டுக்கும் அதற்கு மாறிக்கொள்ளலாம். கேட்டால்தான் வைப்பார்கள், அங்கே யாரும் தம்பூராவைப்பற்றி யோசிப்பதில்லை.

வாங்கி ஆறு மாதம் தாண்டிய பிறகு சர்வீஸ் என்ன? சுத்தம் செய்வது, டோம் மாற்றுவது, மறுபடி சோதித்து மறுபடி அமைப்பது, எல்லாம் தொடர்ந்து இலவசம். எந்த ஊர் காஸ்ட்கோவில் வாங்கினாலும் ஹியரிங் எயிட் சென்டர் உள்ள வேறு கிளையில் பார்த்துக்கொள்ளலாம். அம்மா ஆறு மாதம் உங்களோடு, ஆறு மாதம் டெக்சஸில் தங்கையோடு என்று இருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி. உற்பத்திக் குறைபாட்டுக்கு மூன்று வருட வாரண்டி வழக்கம். தொலைந்துபோனாலோ நசுங்கினாலோ மாற்றித் தரும் காப்பும் உண்டு. அது எத்தனை வருடம், எத்தனை தடவை என்பது மாடலைப் பொறுத்தது, பொருத்தும் அன்றே தாளில் காட்டச் சொல்லுங்கள்.

திடீரென்று ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஓடுமுன் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வந்து விழும் "ரிப்பேர்"களில் பெரும்பகுதி அழுக்கு அடைப்புதான். காதுக்குள் போகும் ஸ்பீக்கரின் நுனியில் டோமைக் கழற்றினால் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளையாக ஒரு வளையம் தெரியும், அதுதான் வேக்ஸ் கார்டு. கூடக் கொடுத்த சின்னக் குச்சியின் ஒரு முனை காலி, மறுமுனையில் புது கார்டு. காலி முனையை உள்ளே அழுத்தி நேராக இழுத்தால் பழையது ஒட்டிக்கொண்டு வரும். குச்சியைத் திருப்பிப் புதியதை அழுத்தி, மெல்லச் சாய்த்து எடுத்தால் அது உட்கார்ந்துவிடும். பிறகு டோமை மாட்டி இழுத்துப் பாருங்கள், தளர்வாக இருந்தால் காதுக்குள்ளேயே தங்கிவிடும். அம்மாவுக்குக் கண்ணும் கையும் ஒத்துழைக்காது என்றால் ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்க்கும் முன் நீங்கள் செய்துவிடுங்கள். எண்ணெய் தேய்க்கும்போதும் குளிக்கும்போதும் மெஷின் பெட்டிக்குள் இருக்கட்டும்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்க விரும்பவில்லை. பெரிய குறை, கட்டிப்போடுவது. அங்கே விற்கும் மாடல்களைப் பெரும்பாலான வெளிக் கிளினிக்குகள் புரோகிராம் செய்யமாட்டார்கள், பல நேரம் செய்யவும் முடியாது. பக்கத்துக் கிளை ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தாலோ, அம்மாவை வெளியே அழைத்துப்போவது கஷ்டம் என்றாலோ, வீட்டருகில் உள்ள கிளினிக்குக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் நியாயம் உண்டு. நல்ல ஆள் கிடைத்து, ஒரு வருடத்தில் அவர் வேறு ஊருக்குப் போய்விடுவதும் நடக்கும். மிகக் கடுமையான மந்தம், அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட்டைப்பற்றி யோசிக்கவேண்டிய அளவு, குழந்தைகள், காதில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், இவர்களுக்குக் காஸ்ட்கோ இடமில்லை, ஆடியாலஜிஸ்ட்தான்.

பொருத்திக் கொடுக்க ஆள் இல்லாமல், நீங்களே கடையில் நேராக வாங்கும் கருவிகளைப்பற்றியும் கேட்பீர்கள். 2022 அக்டோபர் முதல் 18 வயதுக்கு மேற்பட்ட, லேசான முதல் நடுத்தர மந்தம் உள்ளவர்களுக்கு அவை சட்டப்படி கிடைக்கின்றன. 2024 செப்டம்பரில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2 இயர்ஃபோனின் காது மெஷின் வசதிக்கும் அந்த அனுமதி கிடைத்தது. ஐஃபோனை நன்றாகக் கையாளும் 55 வயது மாமாவுக்கு அது நல்ல தொடக்கம். உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லமாட்டேன். தானே அமைத்துக்கொள்ளவேண்டும், குறை சொன்னால் கேட்க ஆள் இல்லை.

பணம். 65 வயது தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடான வழக்கமான மெடிகேர் காது மெஷினுக்குக் காசு தராது. தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் பலவற்றில் ஏதாவது உண்டு, ஆனால் பெரும்பாலும் அவர்கள் சொல்லும் இடத்தில்தான் வாங்கவேண்டும். அந்தச் சலுகை விலையையும் காஸ்ட்கோ விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சலுகைக்குப் பிறகும் காஸ்ட்கோ குறைவாக இருப்பது அபூர்வம் இல்லை. மருத்துவச் செலவுக்காக வரியில்லாமல் சேர்த்துவைக்கும் உங்கள் ஹெச்.எஸ்.ஏ. பணத்தைப் பயன்படுத்தலாம், அம்மா உங்கள் வரிக் கணக்கில் சார்ந்தவராக இருந்தால். இன்சூரன்ஸ் திருப்பித் தரும் என்றால் நீங்கள் முதலில் கட்டிவிட்டு விவரமான ரசீதோடு கேட்கவேண்டியிருக்கும். காஸ்ட்கோவின் மருந்துக் கடைக்குச் சந்தா வேண்டாம், காது மெஷினுக்கு வேண்டும். வருடம் 65 டாலர் சந்தாவிலேயே அதே முகவரியில் வசிக்கும் இன்னொருவருக்கு ஒரு கார்டு இலவசம். அதை அம்மா பெயரில் எடுத்துவிடுங்கள்.

கனடாவில், குறிப்பாக ஸ்கார்பரோ பக்கம் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: அங்கேயும் காஸ்ட்கோவில் இந்தச் சேவை உண்டு. உதவிக் கருவிகளுக்கான ஒன்டாரியோ அரசின் ஏ.டி.பி. திட்டம் ஒரு கருவிக்கு விலையில் 75 சதவீதம், அதிகபட்சம் 500 டாலர் வரை தருகிறது. அந்தத் திட்டத்தில் பதிவுபெற்றவர் சோதித்து விண்ணப்பத்தில் கையெழுத்திடவேண்டும். வாங்கிய பிறகு கேட்காமல், அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே அந்தக் கிளையில் அது நடக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அம்மா வருடத்தில் சில மாதம் ஊருக்குப் போவார் என்றால். இந்தியாவில் காஸ்ட்கோ கடை இல்லை. அதே கம்பெனியின் கிளை சென்னையில் இருந்தாலும் அமெரிக்க வாரண்டியை அங்கே எதிர்பார்க்காதீர்கள். கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு ஒரு சர்வீஸ் போட்டு, கூடுதல் டோமும் வேக்ஸ் கார்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜரின் அடியில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். பழைய வகைப் பேட்டரி மெஷின் என்றால் பழுப்பு நிற ஒட்டு இருந்தால் 312, ஆரஞ்சு என்றால் 13. அளவைக் குறித்துக்கொண்டு இங்கிருந்தே ஒரு பெட்டி எடுத்துப்போகலாம். சென்னையின் புழுக்கத்தில் வியர்வைதான் மெஷினுக்கு எமன். இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட மூடிய டப்பாவில் வைக்கவேண்டும். சார்ஜ் செய்யும் மாடல் என்றால் ஈரத்தையும் உலர்த்தும் சார்ஜர் அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று பொருத்தும் அன்றே கேட்டுவிடுங்கள்.